ஏழாவது நெடுவரிசை

மணி பத்து ஐந்து. பேருந்துப் பணிமனை அலுவலகத்தின் அச்சுப்பொறி ஐந்து உத்தரவுகளைக் கக்கி முடித்திருந்தது. ஐந்து ஓட்டுநர்களை வண்டியிலிருந்து இறக்கி டயர் கிடங்குக்கு மாற்றும் உத்தரவுகள். மூன்றாவது, அங்கே கணினி முன் உட்கார்ந்திருந்த அவளுடைய அக்கா கணவருடையது.

பட்டியலை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். ஆண்டுக்கு ஒருமுறை, விபத்து அதிகமுள்ள ஐவர். மூன்று வருடமாக அதே கணினி நிரல். அட்டவணை நெடுவரிசைகளின் பெயரை அவள் அதில் எழுதுவதில்லை. இரண்டு, ஏழு என்று எண்ணைப் போட்டுவிடுவாள். இரண்டாவது பெயர், ஏழாவது விபத்து. நேற்றும் ஓட்டினாள். பிழை என்று எதுவும் வரவில்லை. பார்க்காமலே அனுப்பினாள்.

அத்தான் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பக்கக் கண்ணாடியைக்கூட உடைத்தவரில்லை. உத்தரவில் அவர் பெயரைக் கண்ட பிறகுதான் மூல அட்டவணையைத் திறந்தாள். மூன்றாவது நெடுவரிசையாக யாரோ கைபேசி எண்ணைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தவையெல்லாம் ஓரிடம் தள்ளிப்போயிருந்தன. ஏழாவது இப்போது விடுப்பு நாட்கள். அத்தானுக்கு முப்பத்தொன்று. அக்காவின் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர்தான் சமைத்தார், அவர்தான் கட்டு மாற்றினார்.

நிரலில் ஏழு என்ற எண்ணை அழித்து ‘விபத்து’ என்று எழுதி ஓட்டினாள். ஐந்தும் வேறு பெயர்கள்.

மேலாளர் அவள் நீட்டிய புதுப் பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“இப்ப மாத்தினா என்ன பேசுவாங்க தெரியுமா? மச்சினி வந்து அத்தான் பேர உருவிட்டான்னு ஊரே சிரிப்பா சிரிக்கும்.”

“அஞ்சு பேருமே தப்பு சார்.”

“அப்ப எழுதிக் குடும்மா. உன் தப்புன்னு, உன் கையெழுத்துல. அதுக்கப்புறம் இந்த நாற்காலி உனக்கு இருக்குமான்னு என்னைக் கேக்காத.”

வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். தேதியை எழுதினாள். பேனா நின்றது. அக்காவின் மருந்துச் செலவில் பாதி இந்த நாற்காலியிலிருந்துதான் போகிறது.

கதவு திறந்தது. அத்தான். சீருடையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார்.

“டயர் கிடங்குல ஸ்டியரிங் இல்லையாமே. கைய எங்க வெச்சுக்கறதுன்னுதான் யோசிக்கிறேன்” என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. “உங்க அக்காகிட்ட இன்னும் சொல்லல.”

வண்டிச் சாவியை அவள் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேல் வைத்தார். விரலை எடுக்கவில்லை.

“இப்பவே குடுத்துடணுமாம்மா?”