பெயருக்கு நேரே

அன்று எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியின் ஆட்டம் நான்குக்கு இரண்டா, ஐந்துக்கு இரண்டா என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்படியும் பல விஷயங்கள் கலங்கிப்போய்விட்டன. சிலவற்றை நானே பார்த்தேனா, கிர்பி பிற்பாடு சொன்னதைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறேனா, தெரியவில்லை. ரத்தம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பனித்தளத்தில் அது விழுந்த இடத்திலேயே உறைந்து, பொத்தான் பொத்தானாகக் கிடந்தது.

கிர்பி சவாட்ஸ்கிக்கு அப்போது பதினேழு வயது. கோல்கீப்பர். எல்லைக்கு அந்தப்புறம் அமெரிக்காவில், மினசோட்டாவில் ஒரு கல்லூரி அவனுக்கு இடம் தருவதாக எழுதியிருந்தது. நான்கு வருடப் படிப்பு, நான்கு வருட ஹாக்கி. அதுவரை அவன் காசு தராத ஜூனியர் ஏ லீக்கில் மட்டும் ஆட வேண்டும். அதற்கு மேலிருந்த மேஜர் ஜூனியர் லீக்கில் பையன்களுக்கு வாரப்படி உண்டு என்பதால், அமெரிக்கக் கல்லூரிகளின் கணக்கில் அவர்கள் காசுக்கு ஆடுகிறவர்கள். அங்கே ஒரு ஆட்டம் ஆடினாலும், அது சும்மா பயிற்சி ஆட்டமாக இருந்தாலும், கல்லூரி கை கழுவிவிடும். அந்த அணிகளின் தேர்வு முகாமுக்குப் போய்ப் பார்க்கலாம், நாற்பத்தெட்டு மணி நேரம் மட்டும். எங்கள் சஸ்காட்சுவான் மாகாணத்தில் மகனுக்கு ஸ்கேட் கட்டிவிட்ட எந்த அம்மாவைக் கேட்டாலும் இதை ஒப்பிப்பாள்.

அவனுடைய அண்ணன் டேரில் அந்த மேஜர் ஜூனியர் அணியில் இரண்டு வருடமாக இருந்தான். கோல் போடுவது அவன் வேலையல்ல, எதிரணிக்காரர்களை அடிப்பது. அந்த அணிதான் கிர்பியை முகாமுக்குக் கூப்பிட்டது. அம்மா மர்லீன் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவனை வாசலில் இறக்கிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு இதே இடத்துல நிப்பேன். ஒரு நிமிஷம் பிந்தினாலும் உள்ள வந்து காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவேன்."

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

ஞாயிறு மதியம் பக்கத்து ஊர் அணியோடு பயிற்சி ஆட்டம். இரண்டாவது கோல்கீப்பருக்குக் காலையிலிருந்து வாந்தி. பயிற்சியாளர் ஸ்டோக்ஸ் உடைமாற்றும் அறைக்கு வந்தார்.

"கிர்பி, சும்மா உடுப்பைப் போட்டுட்டு பெஞ்ச்சுல உக்காரு. ஆடப்போறவங்களுக்குக் கதவு திறந்து விடு, அவ்வளவுதான்."

"எனக்கு காலேஜ் இருக்கு, கோச்."

"தெரியும்ப்பா. ஆட்டத் தாள்ல பேர் இருந்தா தப்பில்ல. பேருக்கு நேரே ஒண்ணும் எழுதக்கூடாது. ஆடின நிமிஷமோ, தண்டனையோ, எதுவும். நீ ஐஸ்ல காலே வைக்கப்போறதில்லையே."

டேரில் விரல்களில் டேப் சுற்றிக்கொண்டே சிரித்தான். "பயந்தாங்கொள்ளி! கதவு திறக்குறவனுக்கு எந்த ஊர்லடா தண்டனை? ஒரு நாளாவது நாம ரெண்டு பேரும் ஒரே டீம் சட்டை போடலாம், வா."

கிர்பி அதற்காகத்தான் சம்மதித்தான். சின்ன வயதிலிருந்து அண்ணனுக்கு எதிரே கோலில் நின்று அடிவாங்கியவன். அண்ணன் பக்கம் நின்றதே இல்லை.

ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதியில் சண்டை தொடங்கியது. டேரில் ஒருவனைத் தடுப்புப் பலகையோடு சேர்த்து நசுக்கினான். அவன் எழவில்லை. கையுறைகள் பறந்தன. ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் கட்டிப் புரண்டார்கள். ஒருவனுடைய பல், வெள்ளைப் பனியில் யாருக்கும் கண்ணில் படாமல் போயிற்று. கூட்டம் எழுந்து நின்று கண்ணாடியைக் குத்தியது. நானும் குத்தினேன்.

இரண்டு பேர் டேரிலைக் குப்புறப் போட்டு அமுக்கினார்கள். அப்போது எதிரணி கோல்கீப்பர் வாச்சிக் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு மைதானத்தின் முழு நீளத்தையும் கடந்து வந்தான். வந்த வேகத்தில் டேரிலின் முகத்தில், கோல்கீப்பர்கள் அணியும் பலகை பதித்த கட்டைக் கையுறையால் இறக்கினான். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் டேரிலின் கை பனியைத் தேடித் தடவியது.

இந்த விளையாட்டில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. கோல்கீப்பரை இன்னொரு கோல்கீப்பர்தான் தொடலாம். எங்கள் கோல்கீப்பரோ சண்டையில் அடிபட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான். பெஞ்ச்சில் எல்லோரும் கிர்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீடித்தது என்று கிர்பியால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

கதவைத் திறந்துகொண்டு போனான்.

வாச்சிக்கின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். வாச்சிக் மல்லாந்து விழுந்தான். டேரில் உருண்டு விலகிவிட்டான். அத்தோடு வந்த வேலை முடிந்தது. கிர்பிக்கு அது தெரிந்தது. வாச்சிக்கும் இரு கைகளையும் தூக்கி, "போதும்டா, போதும்," என்றான்.

கிர்பி அவன் மார்பில் முழங்காலை ஊன்றி அடித்தான். தாடைக்குள் ஏதோ இடம் மாறுவதைக் கை முட்டியில் உணர்ந்தான். பிறகும் அடித்தான். அண்ணன் எங்கோ இருந்து, "விடுறா தம்பி! விட்டுத் தொலைடா!" என்று கத்தியது கேட்டது. எத்தனை அடி என்று எண்ணவில்லை. உள்ளே நிம்மதியாக இருந்தது என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னான்.

நடுவர்கள் இருவர் சேர்ந்து அவனைத் தூக்கினார்கள். மூத்த நடுவர் நரைத்த மீசைக்காரர். அவன் சட்டை எண்ணைப் பார்த்தார்.

"நீ அந்த காலேஜ் பையன்தானே?"

"ஆமா சார்."

"பிடிச்சு இழுத்ததோட விட்டிருந்தா நான் எதையும் பாக்கலைன்னு போயிருப்பேன். அங்க பாரு."

வாச்சிக்கின் வாய் மூடவில்லை. தாடை ஒருபக்கமாகத் தொங்க, கண்கள் மட்டும் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தன.

"அவனைப் பெத்தவங்களுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?" என்றார் நடுவர். கோல் கணக்கு எழுதும் மேசைக்குப் போய், தாளில் அவன் பெயருக்கு நேரே எழுதினார்.

மர்லீன் ஆறு மணிக்கு வாசலில் நின்றாள். மகன் நேரத்துக்கு வந்துவிட்டான். கை முட்டிகளில் பஞ்சு சுற்றியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"டேரிலா?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல. கண்ணு வீங்கியிருக்கு."

"தாள்ல எழுதிட்டாங்களா?"

கிர்பி ஆமென்று தலையசைத்தான். வண்டி கோதுமை வயல்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் ஓடியது.

கல்லூரி அந்த இடத்தை வேறொரு பையனுக்குக் கொடுத்தது. கிர்பி, ஸ்டோக்ஸின் அணியிலேயே இரண்டு பருவம் ஆடினான். இடுப்பு போனபின் விட்டுவிட்டு, தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். டேரிலின் இடது கண் பாதிதான் தெளிந்தது. பொட்டாஷ் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். வாச்சிக்கின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். அவன் மறுபடி ஹாக்கி ஆடவில்லை. ஸ்டோக்ஸ் வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போனார். மர்லீன் ஒன்பது வருடம் கழித்து இறந்தாள்.