தயவுசெய்து நின்றுகொண்டு படிக்கவும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு திருட்டுத்தனத்திலிருந்து. என்ன திருட்டுத்தனம் என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்வேன். அதற்குள் தைரியம் வந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

இன்னொன்று, இதை நின்றுகொண்டு படியுங்கள். (இந்த வரியைக் கடைசியாகத்தான் செருகினேன். காரணம் பின்னால்.)

கதையின் நாயகி என் அக்கா. இரண்டு அறை, ஒரு ஓவன், ஒரு பிரஸ், ஒரு கணவர், இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாற்காலி செய்கிறாள். மரம் இல்லை, பிளாஸ்டிக் இல்லை. கற்றாழை நாரைக் காஸ்டிக் சோடா கரைத்த காரத்தண்ணீரில் கழுவி, ஓவனில் காயவைத்து, பாய் பாயாக அடுக்கி, முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயில் செய்த பிசினை ஊற்றி, அச்சில் வைத்துச் சூடாக அழுத்தினால் நாற்காலி. [இதை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அக்கா அடித்து அடித்து இந்த அளவுக்குக் கொண்டுவந்தாள்.] நான் அங்கே வேலை பார்க்கும் தம்பி, மிச்ச நேரத்தில் எழுத்தாளன். அக்காவைக் கேட்டால், மிச்ச நேரத்தில்தான் வேலை பார்க்கிறேன் என்பாள்.

எதிலும் முந்திக்கொள்வதால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே முந்திரிக்கொட்டை என்று பெயர். ஆக, அந்தப் பட்டறையில் பிசினுக்கும் எனக்கும் ஒரே

(இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று தெரிகிறது. வேண்டாம்.)

2

தொடக்கம் அ: “நாரும் பிசினும் காதலர்கள். ஒன்றுக்குத் தண்ணீர் என்றால் உயிர், மற்றதற்கு ஆகவே ஆகாது.”

* ஓரத்தில் பென்சிலால் அக்கா: காதலாவது கத்திரிக்காயாவது. நாருல ஈரம் இருந்தா பிசின் பிடிக்காது. சூட்டுல அந்த ஈரம் ஆவியாகி உள்ளுக்குள்ள கொப்புளம் போடும். அவ்வளவுதான் விஷயம்.

தொடக்கம் ஆ: “அக்காவின் கண்ணீர்த்துளி ஒன்று நார்ப்பாயின் மீது விழுந்தது.”

* நான் எப்படா அழுதேன்? ஒரு சொட்டுக்கெல்லாம் பாய் கெட்டுப்போகாது. கெடுற அளவுக்கு அழணும்னா நான் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டேதான் அழணும்.

தொடக்கம் இ: “அன்று காலை ஒன்பது மணிக்கு ஓவனில் பாய்களை வைத்துவிட்டு நான்”

(இதை இப்படியே விடுகிறேன். திரும்பி வருவோம்.)

3

அத்தானைக் கதையில் வைப்பதா வேண்டாமா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். பிரஸ் ஓட்டுகிறார், ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுகிறார். முதல் பிரதியில் அவரை வில்லனாக்கினேன். படித்துவிட்டு, “வில்லனுக்கு வேலை கம்மியா?” என்று கேட்டார். அன்றைய கோட்டா அதோடு தீர்ந்தது. விட்டுவிட்டேன்.

வைத்தே ஆகவேண்டிய ஆள் ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ். நேற்று வந்தார். அவர்களுக்கான முதல் நாற்காலி அப்போதுதான் அச்சிலிருந்து வெளியே வந்திருந்தது. அது தேறினால் அவர்களுடைய காத்திருப்புக் கூடம் முழுவதற்கும் நாங்கள்தான். தேறாவிட்டால் பிளாஸ்டிக் நாற்காலிக்காரன். பட்டறைக்கு இந்த வருடம் வேறு ஆர்டர் எதுவும் இல்லை.

“இடுப்புல ஆப்பரேஷன் ஆனவங்கதான் எங்ககிட்ட அதிகம். கீழ விழுந்தா அவங்களால மறுபடி எழுந்திருக்க முடியாதும்மா,” என்றார் நர்ஸ்.

“சரியா காயாத நார நாங்க அச்சுல வைக்கிறதே இல்லைங்க,” என்று அக்கா ஓவன் நோட்டை எடுத்துக் காட்டினாள். “பாருங்க, நாலு மணி நேரம். என் தம்பி கையெழுத்து.”

அத்தான் தலையாட்டினார். நான் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். நாளை மறுநாள் பத்து மணிக்குப் பெரிய டாக்டரோடு வந்து உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனார்.

* அவங்க சொன்னத அப்படியே எழுதியிருக்க. பரவாயில்ல.

4

அக்கா படித்தது இதுவரைக்கும்தான். இனிமேல் ஓரங்களில் பென்சில் இருக்காது.

ஐந்தாம் பகுதி என்று சொல்லியிருந்தேன். முந்திரிக்கொட்டை அல்லவா, நான்கிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஓவனில் பாய்களை வைத்துவிட்டு நான் பக்கத்து மேசையில் எழுத உட்கார்ந்தேன். ஓவனின் விசிறி உய்யென்று கத்திக்கொண்டே இருந்தது. பதினொரு மணிக்கு ஒரு வரி வருவதுபோல இருந்தது. சத்தத்தில் ஓடிவிடுமோ என்று ஓவனை நிறுத்தினேன். வரி வந்தது. “நாரும் பிசினும் காதலர்கள்.” அந்தக் கண்ராவிக்காகத்தான் நிறுத்தினேன். மறுபடி போடவே இல்லை. ஒரு மணிக்குப் பாய்களை எடுத்து, தொட்டுப் பார்த்து, காய்ந்த மாதிரிதான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நோட்டில் “நான்கு மணி நேரம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினைந்து வருடமாகப் புனைவு எழுதுகிறேன். எல்லோரும் நம்பியது அந்த ஒரு வரியைத்தான்.

நேற்று யாரும் இல்லாதபோது நாற்காலியை ஒரு காசால் தட்டிப் பார்த்தேன். நல்ல நாற்காலி டங்கென்று சொல்லும். இது முதுகில் டங், உட்காரும் இடத்தில் டொக்.

5

முடிவு அ: நாளை டாக்டர் உட்காருகிறார், நாற்காலி தாங்குகிறது, நான் தப்பிக்கிறேன். நடக்கக்கூடியது இதுதான். கொப்புளம் உடனே உடையாது. ஒரு வருடம் கழித்து, இடுப்பில் தையல் போட்ட யாரோ ஒருவரின் அடியில் பிளக்கும்.

முடிவு ஆ: நாளையே பிளக்கிறது. டாக்டர் தரையில். (சிரிப்பாக எழுதப் பார்த்தேன். அக்காவின் முகம் குறுக்கே வந்தது.)

முடிவு இ: நானே சொல்லிவிடுகிறேன். இதில்தான் பயம். அக்கா கத்தினால் பயமில்லை. நெருங்கியவர்கள் மீது நிஜமாகக் கோபம் வந்தால் அவள் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவாள். அவளிடம் ஒருமுறை பொய் சொன்ன சித்தி மகனுக்கு ஆறு வருடமாக “வாங்க, சாப்பிடுங்க”தான். ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதை ஒரே ஒரு “ங்க”வில் சொல்லிவிடுவாள். எனக்கு அது வேண்டாம். எனக்கு “டா” வேண்டும்.

6

வாயால் சொல்லத் துணிவில்லை. இந்தத் தாள்களை நாற்காலி மேல் வைத்து, பக்கத்தில் பென்சிலையும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறேன். முடிவை நீயே ஓரத்தில் எழுது, அக்கா.

வாசலைத் தாண்டியதும்தான் உறைத்தது: அக்கா எதையும் உட்கார்ந்துதான் படிப்பாள். ஓடிவந்து, முதல் பகுதியில் அந்த வரியைச் செருகினேன்.

7

இரண்டு டீ. திரும்பி வந்தால் ஓவன் அறையில் உய்யென்ற சத்தம். நாற்காலியைக் காணோம். ஆறாம் பகுதியின் கீழே பென்சில்:

* முதல் மூணும் படிச்சதுதானேன்னு நாலுல ஆரம்பிச்சேன். உக்காந்துதான். “டொக்”ல எழுந்துட்டேன். நாற்காலிய ரெண்டா அறுத்துப் பாத்தாச்சு. உள்ள பூரா கொப்புளம். புதுசு செய்ய மூணு நாள் ஆகும். அந்தம்மாவுக்கு நீங்களே போன் பண்ணி, நீங்க செஞ்சத நீங்களே சொல்லுங்க. நோட்டுல நீங்க எழுதினத நீங்களே அடிங்க. இனிமே ஓவன் பக்கத்துல எழுதாதீங்க. சொல்லிட்டு வந்து காரத்தண்ணி கலக்குடா.

எட்டு “ங்க”. எண்ணிப் பார்த்தேன். கடைசியில் ஒரு “டா”.

நோட்டில் அடித்துவிட்டேன். இப்போது போன் போட்டிருக்கிறேன், மணி அடிக்கிறது. அந்த அம்மா மூன்று நாள் பொறுப்பாரா, பிளாஸ்டிக் நாற்காலிக்காரனைக் கூப்பிடுவாரா, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டார்.

“ஹலோ, அம்மா, நான் நாற்காலிப் பட்டறையிலேருந்து பேசுறேன். அந்த நோட்டுல இருக்கிறது என் கையெழுத்துதான், ஆனா