ஆணியில்லாத சக்கரங்கள்

"இதுல எவ்வளவு சத்தம் வரும்?"

கடைக்குள் நுழைந்து கையுறையைக்கூடக் கழற்றாமல், சுவரோரம் அடுக்கியிருந்த டயர்களில் ஒன்றைத் தட்டிக்கொண்டே ஹில்க்கா கேட்டாள். கடைக்கார கிம்மோ காபிக் கோப்பையோடு திரும்பினான். ஐம்பதை நெருங்கும் ஆள், கதவை அடைக்கிற உடம்பு.

"வந்ததும் வராததுமா டயர்கிட்டப் பேசறீங்க. எனக்கு ஒரு வணக்கம்கூடக் கிடையாதா?"

"எனக்கு நேரமில்ல கிம்மோ. எஸ்கோகிட்ட மாவு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"புருஷனுக்குத் தெரியாம துணி வாங்கறவங்களைப் பாத்திருக்கேன். டயர் வாங்கறவங்களை இப்பத்தான் பாக்கறேன்." சிரித்தவன் ஜன்னல் வழியே அவள் காரைப் பார்த்தான். "அவரு ஆணி டயர் மாட்டிட்டாரே. புதுசாத்தானே இருக்கு?"

"புதுசுதான். அந்தச் சத்தம்தான் எனக்கு வேண்டாம்."

குஹ்மோ என்ற அந்த வடக்கத்தி ஊரில் அக்டோபர் கடைசி வாரம் வந்தால் எஸ்கோ ஜாக்கியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிடுவான். கோடை டயர்கள் கொட்டகைக்குப் போகும், ஆணி பதித்த டயர்கள் வெளியே வரும். முப்பத்தொரு வருஷம் மர லாரி ஓட்டியவன். ஆணி இல்லாமல் குளிர்காலத்தில் வண்டி ஓட்டுபவர்களை அவன் தெற்கத்திக்காரர்கள் என்றுதான் சொல்வான். அதைவிட மோசமான வசவு அவனிடம் இல்லை. இந்த வருஷம் இரண்டாவது சக்கரத்தோடு மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டான். மீதி இரண்டையும் ஹில்க்காதான் முடுக்கினாள். அவன் விரலை ஆட்டி ஆட்டி, இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று காட்டிக்கொண்டிருந்தான்.

விரலால் காட்டியதற்குக் காரணம் இருந்தது. வசந்தத்தில் அவன் தொண்டையில் அறுவை செய்து கட்டியை எடுத்தார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. இப்போது மிச்சம் இருப்பது காகிதத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு கிசுகிசுப்பு. இருபது கோடைகாலம் ஊர் மைதானத்தில் மட்டையால் அடித்து ஓடும் பந்தாட்டத்துக்கு ஒலிபெருக்கியில் வர்ணனை சொன்ன மனுஷன். ஒலிபெருக்கி கெட்டுப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அது இல்லாமலே ஏரிக்கு அக்கரை வரை கேட்கும்படி ஆட்டத்தை முடித்து வைத்தவன். அவன் இப்போது சாப்பாட்டு மேஜையில் உப்புக் கேட்பதற்குக்கூட விரலை நீட்டினான். எதிரே உட்கார்ந்து அவள் அவனுடைய உதட்டைக் கூர்ந்து பார்ப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவான்.

காரில் மட்டும் அப்படி இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கயானியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், நூறு கிலோமீட்டர். அவள் ஓட்ட, அவன் பக்கத்தில். இருவர் கண்ணும் சாலையில் இருக்கும்போது, யாரும் யாரையும் பார்க்காதபோது, அவனுக்குப் பேச்சு வந்தது. செப்டம்பரில் போய்வந்த அன்று, வழி நெடுக அந்தக் கிசுகிசுப்பில் லாரிக் காலத்துக் கதைகளைச் சொன்னான். ஒரு கதைக்கு அவள் சிரித்த சிரிப்பில் காரை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

நவம்பரில் போனபோது காரில் ஆணி டயர் இருந்தது. பனி இல்லாத வெறும் தாரில் அது போடுகிற சத்தம் கல்லரைக்கிற இயந்திரத்துக்குள் உட்கார்ந்த மாதிரி. எஸ்கோ வாயைத் திறந்தான். "என்ன?" என்றாள். மறுபடி சொன்னான். "என்ன சொல்றே?" என்றாள். அவன் கையை விட்டெறிவதுபோல் ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஐம்பது கிலோமீட்டர் அப்படியே போனது. பிறகு, ஒரு மர ஆலையைத் தாண்டும்போது, அவன் சாலையைப் பார்த்தபடியே நீளமாக ஏதோ சொன்னான். மூன்று வாக்கியம், நான்கு வாக்கியம் இருக்கும். கடைசியில் கேள்விபோல் அவள் பக்கம் திரும்பினான். இன்னொரு "என்ன?"வுக்கு அவளுக்குத் துணிவு வரவில்லை. "ஆமா," என்றாள். சிரித்துக்கொண்டே, "ஆமா ஆமா, சரிதான்," என்றாள்.

கியரின் மேல் இருந்த அவள் கையின்மேல் அவன் தன் கையை வைத்தான். கயானி வரும்வரை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாளாக ஹில்க்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. எதற்கு ஆமாம் சொன்னோம்? வீட்டை விற்கவா? படகை யாருக்காவது கொடுக்கவா? எஸ்கோ மாறிப்போயிருந்தான். வசந்தத்திலிருந்து தூக்கமில்லாமல் புரண்டவன் இப்போது குழந்தை மாதிரி தூங்கினான். ஒருநாள் அவளைக் கையைப் பிடித்து நிலவறைக்குக் கூட்டிப்போய் தண்ணீர்க் குழாயின் முக்கிய வால்வைக் காட்டினான். அதை இரண்டு தடவை அவளையே திறந்து மூடச் சொன்னான். இன்னொரு நாள் கொட்டகையில் திருகாணி டப்பாக்களுக்கெல்லாம் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தான். அவள் போய் நின்றதும் நிமிர்ந்து புன்னகைத்தான். ரகசியம் பகிர்ந்துகொண்டவர்கள் சிரிப்பது போல. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்து ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தாள். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால், அன்று எனக்குக் கேட்கவில்லை, கேட்ட மாதிரி நடித்தேன் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். அதன்பிறகு அவன் காரில்கூடப் பேசமாட்டான்.

இதில் எதையும் அவள் கிம்மோவிடம் சொல்லவில்லை. "காருக்குள்ள பேசறது கேக்கணும்," என்று மட்டும் சொன்னாள். "மெல்லப் பேசினாலும் கேக்கணும். ரொம்ப மெல்ல."

கிம்மோவின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. கோப்பையை வைத்துவிட்டு வந்தான். அவன் காட்டிய முதல் டயரில் ஒட்டியிருந்த சீட்டில் சத்தத்துக்கு ஓர் எண் போட்டிருந்தது. ஹில்க்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தாள்.

"அந்த எண்ணை நம்பாதீங்க. அது ரோட்டோரம் நிக்கிறவன் காதுக்கு. உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு எவ்வளவு கேக்கும்னு எந்தச் சீட்டுலயும் போட மாட்டாங்க."

"அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"இருங்க. இது ஜெர்மனி பக்கத்துக் குளிருக்குச் செஞ்சது. மழை, ஈரம், பெரிய ரோடு. பஞ்சு மாதிரி ஓடும். ஆனா உங்க வீட்டு இறக்கத்துல பிரேக்கை மிதிச்சீங்கன்னா ஏரியிலதான் போய் நிப்பீங்க." அதைத் தள்ளிவிட்டு இன்னொன்றை உருட்டிவந்தான். "இது நம்ம குளிருக்குன்னே செஞ்சது. ஆணி கிடையாது. எத்தனை குளிர்லயும் ரப்பர் இறுகாது, தொட்டுப் பாருங்க. மேல எல்லாம் முடி முடியா கீறல் இருக்குல்ல, அது பனியைக் கவ்விக்கும்."

"பனிக்கட்டியில?"

"காஞ்ச பனிக்கட்டியில பரவாயில்ல. மேல தண்ணி நிக்கிற பனிக்கட்டியில ஆணி பிடிக்கிற மாதிரி பிடிக்காது. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். மெதுவாப் போகணும், முன்னாடி வண்டிக்கு ரெட்டிப்பு இடைவெளி விடணும். எஸ்கோ என்னைக் கொல்ல வருவாரு, அதையும் இப்பவே சொல்லிடறேன்."

கிம்மோவின் சொந்தக் காரில் அதே டயர்தான் இருந்தது. சாவியை நீட்டினான். "ஓட்டிப் பாருங்க. நான் பக்கத்துல உக்காந்து மெல்லப் பேசறேன். கேக்குதான்னு பாப்போம்."

அப்படித்தான் அந்தக் காலை ஹில்க்கா ஒரு டயர்க்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினாள். தேவாலயத்தைத் தாண்டிச் சாலை நேரானதும் எண்பதைத் தொட்டாள். சாலையில் பாதி பனி, பாதி தார். கிம்மோ முன்கண்ணாடியைப் பார்த்தபடி கிசுகிசுத்தான்.

"பள்ளிக்கூடத்துல வியாழக்கிழமை போடுவீங்களே பட்டாணி சூப்பு. அதுல உப்பே இருக்காது."

"உப்பு இருக்காதா?" ஹில்க்கா திரும்பிப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் அந்தச் சமையலறையில் நின்றவள். "மூணு தட்டு வாங்கிக் குடிச்ச பயதானே நீ?"

"கேட்டுடுச்சா?" என்று கிம்மோ முழுக் குரலில் கத்தினான். "பாத்தீங்களா, கேட்டுடுச்சு!"

இருவரும் சிரித்தார்கள். பழைய தார் கரடுமுரடாக இருந்த இடத்தில் உறுமல் கொஞ்சம் ஏறியது. "இங்க பேசு," என்றாள். கிம்மோ சற்று யோசித்தான். பிறகு கிசுகிசுப்பாக, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, "இதோ அடிச்சாச்சு, உயரப் போகுது, உயரப் போகுது, ஓடு ஓடு ஓடு," என்றான். எஸ்கோவின் வர்ணனை. அந்த மைதானத்தில் வளர்ந்த ஒவ்வொரு பையனுக்கும் அது மனப்பாடம். ஹில்க்கா இண்டிகேட்டரைப் போட்டு வண்டியைத் திருப்பினாள்.

"நாலும் மாட்டிடு," என்றாள்.

வீட்டு முற்றத்தில் எஸ்கோ பனி தள்ளிக்கொண்டிருந்தான். கார் ஏற்றத்தில் ஏறி வந்த விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சத்தமில்லாமல் வந்தது. மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்து குனிந்து டயரை உள்ளங்கையால் தடவினான். ஒரு சக்கரம், அடுத்த சக்கரம். நான்கையும் சுற்றிவந்துவிட்டு அவள் முன் நின்று உதட்டைப் பிரித்தான். "பைத்தியமா உனக்கு?" முற்றத்தின் அமைதியில் அது தெளிவாகக் கேட்டது.

"அந்த இரைச்சல்ல எனக்குத் தலைவலி வருது."

"மண்டை உடைஞ்சா அந்தத் தலைவலியும் போயிடும்."

ஆபரேஷனுக்குப் பிறகு அவன் சொன்ன முதல் நையாண்டி அது என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே போனாள். மாவு வாங்க மறந்திருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். போனமுறை எடுத்த ஸ்கேனை இன்னொருமுறை எடுத்துப் பார்க்க டாக்டர் விரும்புகிறார், வெள்ளிக்கிழமை வரமுடியுமா? பயப்பட ஒன்றுமில்லை என்று போனில் பேசிய பெண் இரண்டு தடவை சொன்னாள். ஹில்க்கா அதைச் சொன்னபோது எஸ்கோ தலையை மட்டும் ஆட்டினான். அவன் அமைதிதான் அவளைத் தின்றது.

வெள்ளிக்கிழமை காலை பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலே. முந்தின நாள் பெய்த மழை உறைந்து, இறக்கம் முழுவதும் கண்ணாடிபோலப் பளபளத்தது. எஸ்கோ வாளியிலிருந்த மணலை இரண்டு வரிசையாகத் தூவிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஹில்க்கா முதல் கியரில் இறங்கினாள். பாதி வழியில் பின்பக்கம் மெல்ல நழுவியது, ஒரு பெரிய மிருகம் படுக்கையில் திரும்புவதுபோல. பிரேக் காலடியில் படபடத்தது. ஏரியும் கரைப் புதர்களும் முன்கண்ணாடிக்குள் வந்தன. எஸ்கோவின் கை கதவுப் பிடியை இறுக்கியது. மணல் வரிசையில் சக்கரம் பட்டதும் வண்டி நின்றது. சாலை விளிம்புக்கு இன்னும் ஓர் ஆள் நீளம் இருந்தது.

இருவரும் மூச்சு விட்டார்கள்.

"தெற்கத்திக்காரி," என்றான் எஸ்கோ.

பெரிய சாலையில் உப்புத் தூவியிருந்தார்கள். வண்டி ஓடுகிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு உள்ளே அமைதி. ஐம்பது கிலோமீட்டர் போனபிறகு அவன், "அந்த வீட்டுக் கூரையில பனி அள்ளவே இல்ல," என்றான். "பையன் ஊருக்குப் போயிட்டான் போல," என்றாள் ஹில்க்கா. அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். கேட்டுவிட்டதே என்பதுபோல. பிறகு டயரை ஏன் மாற்றினாள் என்று புரிந்துகொண்டான் என்பது அவன் தோள் தளர்ந்ததில் தெரிந்தது.

"தலைவலி இல்லையா உனக்கு?"

"இல்ல." மர ஆலையின் புகைபோக்கி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. "எஸ்கோ, அன்னைக்கு இந்த இடத்துல நீ எங்கிட்ட ஏதோ கேட்டே. நான் ஆமான்னேன். எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதுல விழல. விழுந்த மாதிரி நடிச்சேன்."

அவன் வயிறு குலுங்குவது தெரிந்தது. அழுகிறான் என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். சத்தமில்லாத, காற்று மட்டும் வருகிற சிரிப்பு.

"நானும் பாத்தேன். இவ இவ்வளவு சுலபமா ஒத்துக்கற ஆளில்லையேன்னு."

"எதுக்கு ஒத்துக்கிட்டேன்?"

சிரிப்பு அடங்கியது. "நிறுத்து," என்றான். பேருந்து நிற்கும் ஓரப்பகுதி ஒன்று வந்தது. அதில் ஒதுக்கி எஞ்சினையும் அணைத்தாள்.

"கட்டி மறுபடி வந்தா குரல்வளையை முழுசா எடுக்கணும்னு டாக்டர் முதல்லயே சொன்னாரு. கழுத்துல ஓட்டை போட்டு. இந்தக் காத்துப் பேச்சும் இருக்காது." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தான். "வந்தா நான் வெட்டிக்க மாட்டேன். இருக்கிறவரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன். நீ அழுது புரண்டு என்னை மாத்தக் கூடாது. அதைத்தான் கேட்டேன். நீ சிரிச்சுக்கிட்டே சரின்னே. அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

வால்வு. டப்பாக்கள். ஹில்க்கா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நின்றிருந்த வண்டியை யாரோ தள்ளுவதுபோல் இருந்தது. இல்லை என்று கத்தவேண்டும் என்று ஓர் ஆவேசம் எழுந்தது. அதே நொடியில் இத்தனை இரவு அவன் தூங்கிய தூக்கம் நினைவுக்கு வந்தது. அந்தத் தூக்கத்தை அவள்தான் கொடுத்திருக்கிறாள், தெரியாமல்.

"இப்ப கேட்டுச்சுல்ல," என்றான் எஸ்கோ. "இப்ப சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். பின்னால் மஞ்சள் வெளிச்சம் சுழன்று சுழன்று வந்தது. பனி அகற்றும் லாரி, இரும்பு அலகு தார்ச்சாலையைச் சுரண்ட, காது நிறைய இரைந்துகொண்டு நெருங்கியது. சேறும் பனியும் ஜன்னலில் வந்து அறைந்தன. கார் நடுங்கியது. இப்போது எது சொன்னாலும் அவனுக்குக் கேட்காது. உதட்டை அசைத்தால் போதும், அவன் விரும்பியபடி எடுத்துக்கொள்வான். ஹில்க்கா வாயை மூடிக்கொண்டு, அவன் கண்ணைப் பார்த்தபடி சத்தம் அடங்கக் காத்திருந்தாள். லாரி வளைவில் திரும்பியது. மஞ்சள் வெளிச்சம் மரங்களின்மேல் ஏறி இறங்கி, சிறுத்து, மறைந்தது. கண்ணாடியில் அப்பியிருந்த பனி ஒரு துண்டாக வழுக்கிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கியது.