இரண்டு பட்டியலிலும் இருந்த பெயர்

கிள்ளான் நகரில் எங்கள் சபை உடைந்து மூன்று வருஷமாகியும் மகதலேனா ஆன்டி மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஞாயிறு காலை எட்டரைக்குப் பழைய ஆலயத்துக்குப் போவார். மாலை ஐந்து மணிக்கு, டயர் கடை மாடியில் நாங்கள் நடத்தும் ஆராதனைக்கு வருவார். ஏதாவது ஒரு பக்கம் இருங்கள் என்று இரண்டு தரப்பும் சொல்லிப் பார்த்தோம்.

"யாரையும் விட மனசு வரல லா" என்பார். எழுபத்தொரு வயது. தனியாக இருந்தார். இரண்டு சபைப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது.

புதிய சபைக்கு நான்தான் செயலாளர். பழைய சபையின் செயலாளர் பிரையன், என் பெரியம்மா மகன். போதகரை மாற்றும் விஷயத்தில் கூட்டத்தில் வாய்ச்சண்டை முற்றி, அவர் என்னைப் பார்த்து, "நீ வெளிய போனா சபை சுத்தமாயிடும்" என்றார். அன்றைக்கே அவருடைய நம்பரை பிளாக் செய்தேன். குடும்பக் கல்யாணங்களிலும் வேறு வேறு மேஜையில்தான் உட்கார்ந்தோம்.

டிசம்பர் வெள்ளம் சனிக்கிழமை சாயந்திரம் வீடுகளுக்குள் ஏறியது. எங்களிடம் இரண்டு போட் இருந்தன. ஆற்றோரத் தாமான் குடியிருப்புகளில் இருந்த எங்கள் ஆட்கள் பதினான்கு பேரைப் பட்டியல் போட்டேன். ஆன்டியின் பெயர் ஒன்பதாவது. போன் போட்டேன், லைன் போகவில்லை. போட்டில் இருந்த ஒருவர், "அவங்க காலையில அங்கதானே போறாங்க, பிரையன் ஆளுங்க கூட்டிட்டுப் போயிருப்பாங்க" என்றார். பிரையனைக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஓகே என்று எழுதினேன்.

திங்கட்கிழமை காலையில், சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் நூர் முகமது என்பவர், ரப்பர் போட்டில் தன் முதலாளியின் அம்மாவைத் தேடிப் போனபோது ஒரு ஜன்னல் கம்பியில் கை ஒன்று தெரிந்ததாம். ஆன்டி சாப்பாட்டு மேஜைமேல் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் இடுப்பளவு. முப்பத்தாறு மணி நேரம். விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது என்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் என்னிடம் சொன்னார். "நீங்க அவங்க சர்ச்சா அக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆஸ்பத்திரியில், வார்டுக்கு வெளியே நாற்காலியில் பிரையன் இருந்தார். இளைத்துப்போயிருந்தார். நான் கடந்துபோகப் பார்த்தேன்.

"ஷெர்லி, உனக்கு மெசேஜ் போட்டேன்" என்றார்.

"வரல."

போனைத் திறந்து நீட்டினார். சனிக்கிழமை ஆறு பத்து. 'மகதலேனா ஆன்டி கூப்பிட்டாங்க. தண்ணி முட்டிக்கு மேல. எங்ககிட்ட போட் இல்ல. உன் ஆளுங்கள அனுப்பு, ப்ளீஸ்.' அதற்குக் கீழே இன்னும் இரண்டு. மூன்றிலும் ஒரே ஒரு டிக்; நான் பிளாக் செய்த நம்பர், எனக்கு வந்து சேரவே இல்லை.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீங்க நேரா வந்து சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றேன்.

"வந்திருக்கலாம். உன் மாடிப்படி வரைக்கும் பத்து நிமிஷம்தான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏற மனசு வரல. நீங்க பாத்துக்குவீங்கன்னு நானே சொல்லிக்கிட்டேன்."

நாங்கள் உள்ளே போனபோது ஆன்டி கண் திறந்தார். நுரையீரலில் கிருமி பரவியிருந்தது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணாவா வந்தீங்க?"

"ஆமா ஆன்டி" என்றேன். பொய்தான். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் தலையணையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

எட்டாம் நாள் ஆன்டி இறந்தார்.

அடக்க ஆராதனையை யார் நடத்துவது என்று அதற்கும் ஒரு தகராறு கிளம்பியது. ஆன்டி எங்கள் உறுப்பினர் என்றார் எங்கள் போதகர். ஞானஸ்நானப் பதிவு தங்களிடம்தான் இருக்கிறது என்றார்கள் பழைய சபையில். கடைசியில் பழைய ஆலயத்தில் வைத்தோம். எங்கள் ஆட்கள் இடப்பக்கம், அவர்கள் வலப்பக்கம். நடுவில் பெட்டி.

சாட்சி சொல்லும் நேரத்தில் நான் எழுந்தேன். ஆன்டியின் நல்ல குணங்களைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். பட்டியலைச் சொன்னேன். ஓகே என்று எழுதியதைச் சொன்னேன். பிளாக் செய்த நம்பரைச் சொன்னேன்.

"ஆண்டவர் சாகறதுக்கு முந்தின ராத்திரி நாம ஒண்ணா இருக்கணும்னு ஜெபம் பண்ணாரு. நாம அத பிரசங்கத்துல கேட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டோம். ஆன்டி தண்ணில சாகல. நம்ம ரெண்டு சபைக்கும் நடுவுல விழுந்து செத்தாங்க."

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் எழுந்து வெளியே போனது. பிரையன் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

மறுவாரம் என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். சபையை அவமானப்படுத்திவிட்டேனாம். இரண்டு சபைகளும் இன்னும் இரண்டாகத்தான் இருக்கின்றன. ஆனால் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு ஒரே பட்டியல் போடலாம் என்று பிரையன் அழைப்பு விடுத்தார். முதல் கூட்டத்துக்கு அங்கிருந்து மூன்று பேர், இங்கிருந்து நான் ஒருத்தி. பெயர்களை எழுத ஆரம்பித்தோம்.