எலிகாப்டர் வர்ற எடம்

கன்னிவாடிப் பக்கம் ஒரு அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். எலிகாப்டர்ல வந்து கோபுரத்து மேல பூப்போடப் போறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. அது எறங்கி ஏற, கோயிலுக்கு ரெண்டு மைல் தள்ளி, மக்காச்சோளம் அறுத்த காட்டைச் சமன்படுத்தி நடுவுல சிமெண்டு போட்டோம். நாலு நாள் வேலை. எனக்கு மட்டும் அஞ்சாம் நாளும் இருந்துச்சு. எலிகாப்டர் எறங்கையில புழுதி கெளம்பக் கூடாதுன்னு, சுத்திலும் டேங்கர் தண்ணியை ஓஸ் குழாய் புடிச்சு அடிச்சுக்கிட்டே இருக்கணும்.

மக நாகஜோதிக்குப் போன் போட்டேன். திண்டுக்கல்லுல இருக்கா. அவ கல்யாணத்தப்ப நான் கேரளாவுல கட்டட வேலை, போக முடியல. பேத்திக்குக் காது குத்துனப்பவும் அதே கதைதான். அந்தப் பிள்ளையை நான் போட்டோவுலதான் பாத்திருக்கேன்.

"பாப்பாவைக் கூட்டிட்டு வா தாயி. எலிகாப்டர் வர்ற எடத்துல நிப்பேன்."

"நெசமா நிப்பியா?"

"நிப்பேன்."

"இந்தத் தடவையும் ஆளைக் காணோம்னா, இனிமே உன் போனை எடுக்க மாட்டேன்ப்பா."

ஏழு மணிக்கே போயிட்டேன். கயிறு கட்டுன ஓரமா, வெயில் படாத எடமாப் பாத்து, பிள்ளை உக்கார ஒரு சாக்கை மடிச்சுப் போட்டேன். சூப்பர்வைசர் பவுல்ராஜ் சிரிச்சான்.

"என்ன பெருசு, புதுச்சட்டை? எலிகாப்டர்ல ஏறப் போறீகளா?"

"மக வருது."

"அப்ப ஓஸை யாரு புடிக்கிறது, மாப்பிள்ளையா?"

பத்து மணிக்கு, வந்து எறங்குன எலிகாப்டர்ல பூ மூட்டையை ஏத்துனாங்க. றெக்கை சுத்த ஆரம்பிச்சது. மொதல்ல ஒன்னு, ரெண்டுன்னு எண்ணலாம். அப்புறம் எண்ண முடியாது. அப்புறம் றெக்கையே இல்லாத மாதிரி, சத்தம் மட்டும் நிக்கிது. நெஞ்சுக்குள்ள அதுதான் அடிக்கிது. மேல ஏறி, கோயில் பக்கமாத் திரும்புச்சு. சத்தம் அடங்குனப்புறம் சட்டைப் பையைத் தொட்டேன். போன்ல நாலு மிஸ்டு கால்.

"எங்கப்பா இருக்க?"

"எலிகாப்டர் வர்ற எடத்துல."

"நானும் அங்கதானே நிக்கிறேன்! இந்தா, தலைக்கு மேல சுத்துது."

அப்பத்தான் புரிஞ்சது. அஞ்சு நாளா இங்கயே கெடந்த எனக்குத்தான் அது வர்ற எடம் இந்தக் காடு. ஊரு சனத்துக்கு அது வர்ற எடம் கோபுரம்.

"அங்கயே நில்லு, வாரேன்."

"வெரசா வா. அவருக்கு ரெண்டு மணி மில்லு ஷிப்டு. இந்தப் பஸ்ஸை விட்டா வேற இல்ல."

ஓஸைக் கீழ போட்டுட்டு ஓடுனேன்.

"யோவ், அது திரும்பி வருதுய்யா! தண்ணியை யாரு அடிப்பா?" பவுல்ராஜ் கத்துனது பின்னாலயே வந்துச்சு.

பாதித் தூரத்துல எலிகாப்டர் என் தலைக்கு மேல காட்டுப் பக்கமாத் திரும்பிப் போச்சு. செத்த நேரத்துல பின்னாடி செம்மண்ணு ஒரு வீடு ஒசரத்துக்கு எந்திரிச்சது. நிக்கல. எதுத்தாப்புல சனம் கூட்டமா வருது, எல்லார் தலையிலயும் பூ. ஒவ்வொரு பிள்ளை மொகத்தையும் பாத்துக்கிட்டே, இடிச்சுக்கிட்டே போனேன்.

கோயில் வாசலுக்குப் போறப்ப போன் அடிச்சது.

"பஸ் ஏறிட்டோம்ப்பா."

திட்டுவாளோன்னு பாத்தேன், திட்டல.

"ஓடியாந்தேன் தாயி."

"ம். மூச்சு வாங்குறது கேக்குது."

பின்னால பஸ் எஞ்சின் கேட்டுச்சு. வச்சிருவாளோன்னு பயந்து, "பாப்பாகிட்டக் குடு, ஒத்த நிமிசம்"னேன். அப்புறம் சின்னக் குரல்.

"தாத்தாவா? நீங்க எலிகாப்டர் பாத்தீங்களா?"

பல்லுக்குள்ள எல்லாம் இன்னும் அதோட புழுதி. பாத்தேன்னு சொன்னா அந்தப் பேச்சு அதோட முடிஞ்சு போகும்.

"பாக்கலையே கண்ணு. எப்புடி இருந்துச்சு? மொதல்ல இருந்து சொல்லு."

பிள்ளை சொல்ல ஆரம்பிச்சது. நடுவுல நடுவுல போனுக்குள்ள பவுல்ராஜ் கூப்புடுற சத்தம் கொய்ங் கொய்ங்குது. எடுக்கல. வாசல்ல, சனம் மிதிச்சுப் போட்ட பூ மேலயே உக்காந்தேன்.

"ம்... அப்புறம்?"ன்னேன்.