சலவை அறைக் கட்டுரையை எழுதியது யார்?

1

இந்தக் கதை தென் சுவீடனின் ஒரு பல்கலைக்கழகத்தில், காபி இடைவேளையில், இலவங்கப்பட்டை ரொட்டியோடு எனக்குக் கிடைத்தது. சொன்னவள் குன்வோர், மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத்தருபவள். பாதியைச் சொல்லிவிட்டு, மீதிக்கு விலை கேட்பவள் போல என் முகத்தைப் பார்த்தாள். சும்மா கிடைக்கும் சரக்கை நான் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.

2

இதைக் கதையாக்க என் முதல் முயற்சி: 'குளிர்காற்று வீசிய நவம்பர் காலையில் குன்வோர் தன்—'

வேண்டாம். வானிலையில் தொடங்குகிறவனிடம் சரக்கில்லை. குன்வோரின் மாணவி ஹில்மாவும் அப்படி எங்கோ தொலைவில்தான் தொடங்கினாள். அடுக்ககங்களின் பொதுச் சலவை அறையில் அண்டைவீட்டார் ஒட்டிவைக்கும் கோபச் சீட்டுகளைப் பற்றிய கட்டுரை. முதல் வரி: "ஆதிகாலம் தொட்டு மனிதன் துணி துவைத்து வருகிறான்."

குன்வோர் ஓரத்தில் எழுதினாள்: "ஆதிமனிதனை அனுப்பிவிட்டு உன் கேள்வியைக் கூப்பிடு." பத்திக்கு ஒரு வாதம், வாதத்துக்கு ஒரு சான்று என்றும் சொல்லிக்கொடுத்தாள்.

சில வாரம் கழித்து வந்தது வேறு கட்டுரை: "பேசாமல் சீட்டு ஒட்டுவது மரியாதையா, பயமா?" பத்திக்குப் பத்தி கச்சிதம். குன்வோருக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும், சந்தேகம் வந்தது. (மாணவி தேறாவிட்டால் சோம்பேறி, தேறிவிட்டால் திருடி.) வேறு யாரோ எழுதியது என்று புகார் போனால், ஹில்மா ஒரு கல்விப் பருவம் முழுக்க வெளியே நிற்க வேண்டும்.

3

அங்கே ஒரு வழக்கம். கட்டுரையை வகுப்பில் வைத்து, சக மாணவன் எதிர்வாதியாக உட்கார்ந்து குடைவான். எழுதியவள் காக்க வேண்டும். ஹில்மாவுக்கு வாய்த்த எதிர்வாதி தூரே. குன்வோர் அவனை நடைவழியில் மடக்கினாள்.

"விட்டுக்கொடுக்காம கேளு. அவளே எழுதினாளான்னு தெரியணும்."

"எதிர்வாதியா, உளவாளியா? எதுன்னு சொல்லுங்க குன்வோர், அதுக்கேத்த மூஞ்சியோட வர்றேன்."

வகுப்பில் அவன் கேட்டான்: "மூணாம் பத்தியில வயசானவங்க சீட்டை மட்டும் ஏன் தனியா பிரிச்சே?"

ஹில்மா மூன்றாம் பத்தியைத் தேடித் தாளைப் புரட்டினாள். அதற்குள் தூரேவே பேசிவிட்டான்: "ஏன்னா அவங்க மட்டும்தான் கீழ பேரு போடுறாங்க. பேரு போட்டா அது பயமில்ல. மொத்த வாதமும் அதுலதானே நிக்குது!"

"நீ எதிர்வாதிடா," என்றாள் ஹில்மா. "என் பக்கம் வந்து உக்காந்துட்டே."

எல்லோரும் சிரித்தார்கள். குன்வோர் சிரிக்கவில்லை.

4

(தூரேவை நான் நம்பவில்லை. குன்வோர் இதை என்னிடம் ஏன் சொன்னாள் என்பதிலும் எனக்கு ஐயம்.)

வகுப்பு கலைந்ததும் குன்வோர் இருவரையும் நிறுத்தினாள்.

"யாரு எழுதினது?"

"ஒருத்தர் பத்தியை இன்னொருத்தர் திருப்பி எழுதிப் பாருங்கன்னு நீங்கதானே பயிற்சி குடுத்தீங்க?" என்றாள் ஹில்மா. "நாங்க நிறுத்தவே இல்ல. எந்த வரி யாருதுன்னு இப்ப எனக்கே தெரியல."

"அப்ப தூரேவோட கட்டுரை?"

"அடுத்த வாரம் அதுக்கு நான்தான் எதிர்வாதி. அதை நல்லாவே காப்பாத்துவேன்."

5

முடிவு ஒன்று: குன்வோர் புகார் கொடுக்கிறாள். பயிற்சி யாருடையது என்று கேட்பார்களே?

முடிவு இரண்டு: விட்டுவிடுகிறாள். பிறகு எந்த நல்ல கட்டுரையையும் அவளால் நிம்மதியாகப்—

முடிவு மூன்று: ஹில்மாவைத் தனியறையில் உட்காரவைத்து, அதே கேள்விக்குப் புதிதாக ஒரு பத்தி எழுதச் சொல்கிறாள்.

நடந்தது மூன்றாவது என்று மட்டும் சொல்லி, குன்வோர் அதோடு நிறுத்திக்கொண்டாள். "எழுதினாளா?" என்றேன். "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டு, காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குத் தோன்றுவதை நானே நம்பமாட்டேன். ஹில்மா பேனாவைத் திறந்துவிட்டாள்; காகிதம் வெறுமையாக இருக்கிறது. அந்தப் பத்தியை நீங்கள் எழுதுங்கள். தூரேவைக் கேட்காமல்.