வாசித்து விளங்கிக்கொண்டேன்

பேச ஒப்புக்கொள்வதற்கு முகைதீன்பாவா ஒரு கூலி கேட்டார். காசு அல்ல.

"ஒரு தாள் வாசிச்சுத் தரணும் மிஸ். வேற ஒருத்தருக்கும் வாய் திறந்து செல்லப்படாது."

நூலகப் பொறுப்பாளர் றுக்ஸானா சிரித்தாள். "உங்களுக்கே இப்ப வாசிக்கத் தெரியுமே காக்கா?"

"இது நீங்க படிப்பிச்சுத் தந்த எழுத்தில்ல மிஸ்."

சரி என்றாள். அவளுக்கும் அவர் தேவைப்பட்டார். ஊர்ப் பொது நூலகம் நடத்தும் 'ஊர்க் குரல்' பொட்காஸ்ட்டில் ஒரு வாரம் புத்தகம், ஒரு வாரம் மனநலம், ஒரு வாரம் ஊர்ச் சனங்களின் கதை. நெல் மில்லில் முப்பது வருடம் மூட்டை சுமந்த சுமைகூலி ஒருவர், ஐம்பத்தெட்டு வயதில் நூலகத்தின் சனிக்கிழமை வகுப்புக்கு வந்து எழுத்துப் பழகியிருக்கிறார். மூன்று வாரத்து விஷயமும் ஒரே ஆளிடம் இருந்தது.

பழைய பத்திரிகைகள் கட்டிவைத்த அறையில் பதிவு நடந்தது. சத்தம் விழும் என்று விசிறியை நிறுத்தியிருந்தாள். நாலு புத்தகத்தின் மேல் மைக் நின்றது. அவள் சலாம் சொன்னதும் அவர் மறுசலாம் சொன்ன சத்தத்தில் அவள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்ற வேண்டியதாயிற்று.

"காக்கா, மெதுவா. மைக்குக்குக் காது நல்லாக் கேக்கும்."

"மில்லுக்குள்ள மெதுவாக் கதைச்சா மூட்டை தலையில விழும் மிஸ்."

ஏன் எழுத்துப் பழக வந்தீர்கள் என்று கேட்டாள். ஊரில் கேட்ட எல்லோருக்கும் சொன்ன பதிலையே அவளுக்கும் சொன்னார். கல்முனைக்கு என்று பஸ் ஏறி அக்கரைப்பற்றில் போய் இறங்கிய கதை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்ததாக, வாசிப்பு உங்கள் மனதுக்கு என்ன சுகம் தந்தது என்று கேட்டாள்.

அவர் கை சட்டைப் பைக்குள் போனது.

"மைக்க நிப்பாட்டுங்க மிஸ். முதல்ல தாளப் பாருங்க."

பொலித்தீன் சொப்பின் பைக்குள் எட்டாய் மடித்திருந்த காபன் பிரதி அது. அடியில் ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல் அடையாளம்.

கொரோனாக் காலத்தில் அவருடைய மனைவி ஹாஜறாவுக்கு மூச்சிழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் மௌத்தாகிவிட்டாள். அந்த நோயில் போன எவரையும் மண்ணில் அடக்க அப்போது அரசாங்கம் விடவில்லை; எரிக்கத்தான் விட்டது. ஊரில் எல்லோரும் ஒரே பேச்சாக நின்றார்கள்: எரிக்கச் சம்மதம் கேட்கும் எந்தத் தாளிலும் கை வைக்கக் கூடாது. தனியே ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய முகைதீன்பாவா, வாசலில் நின்ற மகள் றம்லாவிடம், "நான் கை வைக்கல்ல புள்ள. அவங்களாத்தான் கொண்டு போனாங்க" என்றார்.

அடுத்த மாசி முடிவில் சட்டம் மாறி, ஓட்டமாவடியில் அடக்க இடம் கொடுத்தார்கள். ஹாஜறா மூன்று மாதம் முந்திவிட்டாள். போய் நின்று யாசீன் ஓத ஒரு கபுறு இல்லை, தலைமாட்டில் நட்டுவைக்க மீசான் கட்டை இல்லை. றம்லாவிடம் மிஞ்சியது வாப்பா சொன்ன அந்த ஒரு சொல்தான். கலியாண வீட்டிலும் மையத்து வீட்டிலும் அவள் அதைச் சொல்லுவாள். "எங்கட வாப்பா கை வைக்கல்ல."

அவர் வைத்திருந்தார். எதில் வைத்தார் என்பதுதான் தெரியாது. அன்று ஹாஜறாவின் செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். இந்தத் தாள் அந்தப் பொருட்களுக்கான ரசீதுத் துண்டாக இருக்கலாம். ஐந்து வருடமாக அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது இந்த 'இருக்கலாம்' ஒன்றில்தான். ஊரில் யாரிடமும் காட்டப் பயம். தானே வாசித்துவிடுவோம் என்றுதான் வகுப்புக்குப் போனார். உயிரெழுத்து முடிந்த அன்று தாளை விரித்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. மெய்யெழுத்து முடியட்டும் என்று இருந்தார். அதுவும் முடிந்தது. ஜ, ஸ, ஹ எல்லாம் கடைசியில் வரும் என்று றுக்ஸானா சொல்லியிருந்தாள். ஹாஜறாவின் பெயருக்கு அவைதானே வேண்டும் என்று அதற்கும் காத்திருந்தார். அவையும் வந்தன. தாள் அப்படியே ஊமையாய்க் கிடந்தது. பிறகொரு நாள், பஸ்ஸின் நெற்றியில் மூன்று பாஷையில் எழுதியிருந்த பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவருக்கு விளங்கியது. தாளில் இருந்தது சிங்களம்.

றுக்ஸானா கொழும்பில் படித்தவள். கண்ணாலேயே வாசித்தாள். பாதியில் அவள் முகம் மாறியதை அவர் கண்டுகொண்டார்.

"செருப்பு, கண்ணாடிக்குக் குடுத்த துண்டா மிஸ்?"

"இல்ல காக்கா."

"சத்தமா வாசிங்க."

"என்னுடைய மனைவியின் ஜனாஸாவை எரிப்பதற்கு எனக்கு ஆட்சேபனை இல்லை." தாளில் சடலம் என்று இருந்தது. அவள் ஜனாஸா என்றே வாசித்தாள்.

"மறுகா என்ன எழுதியிரிக்கு?"

"போதும் காக்கா."

"அதுக்குக் கீழயும் ஒரு வரி கிடக்கு. விரலுக்கு மேல."

அவள் அதையும் வாசித்தாள். "மேலே உள்ளவற்றை நானே வாசித்து விளங்கிக்கொண்டேன்."

அவர் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். சாக்குத் தேய்த்துத் தேய்த்து அதில் ரேகைகூடச் சரியாக இல்லை.

"கையெழுத்து வைக்கத் தெரியாதவன், வாசிச்சுப் போட்டு விரல வைச்சிரிக்கான்" என்றார். பிறகு மைக்கைக் காட்டினார். "இப்ப போடுங்க. இதக் கதைக்கிறன்."

எட்டு நிமிடம் கதைத்தார். இந்த முறை குரல் உயரவில்லை.

"வெள்ளிக்கிழமை போடணும்" என்றாள் றுக்ஸானா கடைசியில். "ஊரே கேக்கும். றம்லாவும் கேப்பா. நீங்க ஓம் எண்டு செல்லாமப் போட மாட்டன்."

அசர் தொழுதுவிட்டு அவர் மகள் வீட்டுக்குப் போனார். றம்லா கிணற்றடியில் இருந்து இறாலுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னார். தாள், விரல், இரண்டு வரிகள், பொட்காஸ்ட், எல்லாவற்றையும்.

அவள் தலை நிமிரவில்லை. கையும் நிற்கவில்லை. இரண்டு மூன்று இறால் உரிபட்டு விழுந்தன.

"ஏன் வாப்பா இப்ப செல்றீங்க? ஊரெல்லாம் நான் பறையடிச்சிக்கி திரிஞ்சிரிக்கன். பொய்யெண்டாலும் எனக்கு அதுதானே இரிந்திச்சு."

அவள் அடுத்த இறாலை எடுத்தாள்.

"உங்கள ஏமாத்தித்தானே வாங்கியிரிக்காங்க. அண்டைக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தா நீங்க வைச்சிரிக்க மாட்டீங்க. என்ன வாப்பா?"

அவர் பழியிலிருந்து தப்பிப் போக அவளே ஒரு கதவைத் திறந்து பிடித்திருந்தாள். ஓம் என்ற ஒரு சொல் போதும்.

"வைச்சிரிப்பன் புள்ள. விரல வைச்சா உம்மாட முகம் காட்டுறம் எண்டான், தமிழ் தெரிஞ்ச ஒருத்தன்."

இப்போது அவள் கை நின்றது.

"முகத்தப் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை, பார்க்க விடவில்லை என்றுதான் இத்தனை காலமும் அவளிடம் சொல்லியிருந்தார். பார்த்தேன் என்று சொன்னால் விரல் வைத்ததையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

"பாத்தன்."

"உம்மா எப்பிடி இரிந்தா?"

"நித்திரை கொள்ற மாதிரி—"

"அப்பிடிச் செல்லாதீங்க வாப்பா. மையத்து வீட்டில எல்லாரும் செல்றது அது. உள்ளதச் செல்லுங்க."

அவர் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார்.

"கண்ணாடிக்கு அங்கால வைச்சுக் காட்டினாங்க. இடக்கண் கொஞ்சம் திறந்து கிடந்திச்சு. மூக்கில அந்த மூச்சுக் குழாய் அழுத்தின செவப்புத் தடம். வாய் மூடித்தான் இரிந்திச்சு. உதடு வெடிச்சிப் போயிரிந்திச்சு, தண்ணி கேட்டிருப்பாபோல. தலை மூடல்ல புள்ள. முடியெல்லாம் வெளிய தெரிஞ்சிச்சு. அந்நிய ஆம்பிளையள் நிண்டாங்க. மூடி விடுங்க, மூடி விடுங்க எண்டு கண்ணாடியில தட்டினன். அங்க நிண்டவங்களுக்குத் தமிழ் விளங்கல்ல."

றம்லா அழுதாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அழுதது வேறு; அன்று வீட்டில் அழுவதற்கு ஒரு மையத்து கூட இருக்கவில்லை. இறால் நாற்றம் பிடித்த கையை முகத்தில் வைக்க முடியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் வாளியில் தண்ணீர் அள்ளி அந்தக் கையில் ஊற்றினார்.

கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"முகம் பாத்தத மைக்கிலயும் செல்லிட்டீங்களா?"

"இல்ல. தாளத்தான் செல்லியிரிக்கன்."

"அப்ப வெள்ளிக்கிழமை போடச் செல்லுங்க. என்னப் பாத்துச் சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்." மூக்கை உறிஞ்சினாள். "முகத்த மட்டும் ஒருத்தருக்கும் செல்லாதீங்க வாப்பா. அது எனக்கு."

அவர் தலையை அசைத்தார்.

"இன்னொருக்காச் செல்லுங்க" என்றாள். "எந்தக் கண் திறந்திரிந்திச்சு?"